லூக்குமா யாருடைய நாய்?

புத்தாண்டு விருந்தில் பருப்புக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு யாஸ்னா எழுந்து போனாளே, அங்கேதான் போன வாரம் விட்டோம். வருஷம் பிறந்ததும் அதிர்ஷ்டத்துக்காக ஆளுக்கு ஒரு கரண்டி பருப்பு வாயில் போடாமல் துறைமுக ஊரான வல்பராய்சோவில் யாரும் மேஜையை விட்டு எழ மாட்டார்கள். யாஸ்னா எழுந்தாள். துறைமுகத்தில் வாணங்கள் வெடித்துக்கொண்டிருந்தபோதும் அவள் கதவைச் சாத்திய சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

எல்லாம் அந்த லூக்குமாவால் வந்தது.

மீன் சந்தையில் யாரோ பெட்டியோடு விட்டுப்போன குட்டியைத் தூக்கி வந்து, காணாமல் போன பூனை நாய்களை மோப்பம் பிடித்துத் தேடும் வேலைக்குப் பழக்கியவள் யாஸ்னா. போன குளிர்காலத்தில் மழைப் படிக்கட்டில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு அவள் படுத்திருந்த ஐந்து மாதமும் நாயைக் கூட்டிக்கொண்டு போனவள் தம்பி பெண்டாட்டி நினோஸ்கா. "என் கால் சரியாகற வரைக்கும்தான்" என்று சொல்லி யாஸ்னாவே கயிற்றை அவள் கையில் கொடுத்தாள்.

நினோஸ்கா போன இடமெல்லாம் வெற்றி. யாரோ படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். 'நினோஸ்காவும் அவளுடைய அதிசய நாயும்' என்று கீழே எழுதியிருந்தது. அவளுடைய! அந்த ஒரு வார்த்தையில் யாஸ்னாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது, இன்னும் அணையவில்லை. பொறாமை என்று சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்ள மாட்டாள். நியாயம் கேட்கிறேன் என்பாள்.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்த தம்பி ஒஸ்வால்தோ, அவள் எழுந்து போகும் முன்பே, விருந்து மேஜையில் ஒரு தீர்ப்புச் சொன்னான்.

"நாளைக்கு வர்ற முதல் வேலை அக்காவோடது. கண்டுபிடிச்சா லூக்குமா அக்காகிட்டயே இருக்கட்டும். இல்லன்னா நினோஸ்காகிட்ட இருக்கட்டும். அதுக்கப்புறமும் சண்டைன்னா ரெண்டு பேருக்கும் கிடையாது. லிமாச்சேல மாமாவோட தக்காளித் தோட்டத்துக்குக் காவலுக்கு அனுப்பிடுவேன். சத்தியமா அனுப்புவேன்."

அந்த நாளைக்கு இதோ, விடிந்துவிட்டது.

வருஷத்தின் முதல் காலையில் அந்த ஊரில் விழித்திருப்பவர்கள் கடற்பறவைகளும் செல்லப்பிராணியைத் தொலைத்தவர்களும்தான். வாணச் சத்தத்துக்கு மிரண்டு எத்தனை ஓடுமோ, கணக்கே இல்லை. காப்பி கொதிப்பதற்குள் போன் வந்துவிட்டது. பக்கத்துக் குன்றில், மாவுக்குள் கறி அடைத்துச் சுடும் எம்பனாதாவுக்குக் கடை வைத்திருக்கும் மிரெல்லாம்மா. பூனையைக் காணோமாம்.

யாஸ்னா ஆணியிலிருந்து மார்புப் பட்டையை எடுத்தாள். வாரின் சத்தம் கேட்டதும் லூக்குமா துள்ளி எழுந்தது. பழுத்த லூக்குமாப் பழத்தின் சதை போலப் பொன்மஞ்சள் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். வாலைச் சுழற்றிக்கொண்டு யாஸ்னாவிடம் ஓடி வந்தது, கையை முகர்ந்தது. பிறகு நேராக மாடிப்படி ஏறி நினோஸ்காவின் கதவை முன்னங்காலால் பிறாண்டியது.

'வேலை வந்திருக்கு, வா' என்று அவளைக் கூப்பிடுகிறதாம்!

"லூக்குமா! கீழ வா!" யாஸ்னாவின் குரல் தெரு வரைக்கும் போயிருக்கும்.

கதவைத் திறந்த நினோஸ்கா நாயைத் தொடவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "போ, லூக்குமா. அக்காகிட்ட போ."

"நீ சொல்லித்தான் அது என்கிட்ட வரணுமா?"

"அப்படிச் சொல்லல அக்கா…"

"வாயே திறக்காத. பின்னால வர்றியா, வா. ஆனா ஒரு வார்த்தை பேசக் கூடாது."

பின்னால் ஒருத்தர் வந்தே ஆகவேண்டும். கயிறு பிடிப்பவளின் கண் நாய் மேலேயே இருக்கும். வண்டி வருகிறதா, யார் வீட்டுக்குள் நுழைகிறோம் என்பதையெல்லாம் இன்னொருத்தர் பார்க்க வேண்டும். ஐந்து மாதமும் அந்த இடத்தில் ஒஸ்வால்தோ இருந்தான். இன்று நடுவர் வேலையும் அவனுக்கே என்பதால் நினோஸ்காவையும் இழுத்துக்கொண்டு கிளம்பினான்.

மிரெல்லாம்மா வாசலிலேயே காத்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"என் பாழாப்போன பெட்டியால வந்துச்சு, யாஸ்னா! பெட்டியோட ஓடினா பயணம் அமையும்பாங்களே, இந்த வருஷமாவது மக இருக்கற ஊருக்குப் போயிடணும்னு, பன்னெண்டு மணி அடிச்ச உடனே காலிப் பெட்டியத் தூக்கிட்டுத் தெருவச் சுத்தி ஓடினேன். கதவச் சாத்தினேனா இல்லையான்னே ஞாபகமில்ல. வந்து பாத்தா கோலாவக் காணோம்!"

பூனைக்குப் பெயர் கோலா. கூடப் பிறந்தது பிஸ்கோ. இரண்டையும் சேர்த்தால் அந்த ஊர்க்காரர்கள் விருந்தில் கலந்து குடிக்கும் பானம் ஆகிவிடும். மிரெல்லாம்மாவின் செத்துப்போன கணவர் வைத்த பெயர்கள்.

பக்கத்து வீட்டு லவுத்தாரோ தலையில் இன்னும் காகிதத் தொப்பியோடு மதில் மேல் சாய்ந்திருந்தார். போதை முழுசாகத் தெளியவில்லை. "ஓ, படத்துல வந்த நாயா? எங்க, படத்துல வந்த பொண்ணு?" என்றார். நினோஸ்காவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அதோ! வாங்க வாங்க!"

யாஸ்னாவின் காதிலிருந்து புகை வராத குறை.

"கோலா படுத்த துணி ஏதாவது குடுங்கம்மா" என்று கேட்டு வாங்கினாள். பழைய கம்பளித் துண்டு ஒன்று, பூனை முடி அப்பிக்கிடந்தது. ஒஸ்வால்தோ வாசலில் மிரெல்லாம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். யாஸ்னா கொல்லைப் பக்கம் போய் லூக்குமாவின் முகத்தருகே கம்பளியை நீட்டப் போனாள்.

"அக்கா." நினோஸ்கா தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். "ரெண்டும் இதுலதானே படுக்கும்? பிஸ்கோவ முதல்ல…"

"எனக்கே பாடமா?" யாஸ்னா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த வேலைய உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? படுக்கையில கிடந்துக்கிட்டு அ, ஆ-ன்னு சொல்லிக் குடுத்தேன். இப்ப என்னைத் திருத்த வந்துட்டியா?"

நினோஸ்கா ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

யாஸ்னா சொல்லிக் கொடுத்ததில் முதல் பாடமே அதுதான். ஒரே துணியில் இரண்டு பிராணிகளின் வாடை இருந்தால், வீட்டில் இருப்பதை முதலில் நாய்க்குக் காட்டிவிட வேண்டும். 'இது இருக்கு, இது வேண்டாம்' என்று அது புரிந்துகொண்டு இல்லாததைத் தேடிப் போகும். யாஸ்னாவுக்குத் தெரியாதா என்ன? கேட்ட கணமே ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் இப்போது பிஸ்கோவைக் கொண்டு வரச் சொன்னால் நினோஸ்கா சொல்லி யாஸ்னா செய்தாள் என்று ஆகிவிடுமே! ஐயோ, அதற்கு மனசு இடம் கொடுக்குமா?

"தேடு, லூக்குமா!"

லூக்குமா மூக்கைத் தரையில் வைத்துக் கிளம்பியது. கொல்லையைச் சுற்றியது, துணி காயும் கொடிக்குக் கீழே நின்றது, வெளிப்படி ஏறி இறங்கியது. யாஸ்னாவுக்கு நெஞ்சு விம்மியது. பார், என் பெண்ணைப் பார்! சமையலறைப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்த லூக்குமா, ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நேராகப் படுத்துக்கொண்டு மேலே பார்த்தது.

ஃப்ரிட்ஜின் மேல் பிஸ்கோ கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த லவுத்தாரோ விழுந்து விழுந்து சிரித்தார். "அடேங்கப்பா! வீட்ல இருக்கற பூனையக் கண்டுபிடிச்சிடுச்சு! இதுக்கு நானே போதுமே!"

"பூனை எங்க யாஸ்னா?" மிரெல்லாம்மா திகைத்துப்போய்க் கேட்டாள். "இது பிஸ்கோ. கோலா எங்க?"

யாஸ்னாவின் முகம் சிவந்து காது வரைக்கும் கொதித்தது. தப்பு யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாய் வேறு வழியில் போயிற்று.

"நாய் கெட்டுப்போச்சு!" என்று கத்தினாள். "அஞ்சு மாசம் அவ கையில குடுத்தேன் பாருங்க, அத்தனையும் மறந்துடுச்சு! கொஞ்சிக் கொஞ்சிச் செல்லம் குடுத்து, வேலை செய்யற நாய மடியில வைக்கிற நாயாக்கிட்டா! அவ கைக்குப் போறதுக்கு முந்தி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு!"

"அக்கா, மெதுவா" என்றான் ஒஸ்வால்தோ.

"ஏன் மெதுவா? உன் பொண்டாட்டியச் சொன்னா உனக்கு வலிக்குதா?"

அவள் போட்ட சத்தத்தில் பிஸ்கோ எழுந்து அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தது. லூக்குமா கொட்டாவி விட்டது, மறுபடி விட்டது. பின்னங்கால் ஒன்று வெடவெடவென்று ஆடியது. அது தூக்கத்தில் வந்த கொட்டாவி இல்லை. பயந்தால் லூக்குமா அப்படித்தான் கொட்டாவி விடும். யாஸ்னா அதைப் பார்க்கவில்லை.

ஒஸ்வால்தோ குனிந்து மார்புப் பட்டையின் கொக்கியில் கை வைத்தான்.

"போதும். சொன்னேன்ல? சண்டைன்னா லிமாச்சேன்னு சொன்னேன்ல? நாளைக்கே கொண்டுபோய் விடறேன். நிம்மதியா தக்காளியக் காவல் காக்கட்டும்."

யாஸ்னா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். தப்பு என்னோடது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் லூக்குமா நினோஸ்காவுக்கு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"கழட்டாதீங்க" என்றாள் நினோஸ்கா. "தப்பு என்னோடது."

எல்லோரும் திரும்பினார்கள்.

"வீட்டுல இருக்கற பூனைய முதல்ல லூக்குமாவுக்குக் காட்டணும். அது பின்னால வர்றவங்க வேலை. நான் காட்டல. காட்டிட்டேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். அக்கா என்னை நம்பித்தான் தேடச் சொன்னாங்க. நாய்மேல தப்பில்ல, அக்காமேலயும் தப்பில்ல."

கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். அத்தனையும் பொய்.

"அறிவிருக்காடி உனக்கு?" ஒஸ்வால்தோ கொக்கியை விட்டுவிட்டுப் பெண்டாட்டி மேல் பாய்ந்தான். "ஒரு உயிரு விஷயம், அதுல போய் விளையாட்டா?"

"மன்னிச்சிடுங்க."

யாஸ்னாவுக்கு நிம்மதியாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஒரு நிமிஷம். அதற்கப்புறம் முன்னைவிட அதிகமாக எரிந்தது. திறமைதான் அவளுக்கு என்று பார்த்தால், இப்போது நல்ல மனசும் அவளுக்கா? எனக்கென்று ஒன்றையும் மிச்சம் வைக்க மாட்டாளா? இவளை யார் பொய் சொல்லச் சொன்னது? யார் கேட்டது?

நினோஸ்கா அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு பிஸ்கோவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். லூக்குமா அதை மேலும் கீழும் முகர்ந்தது. பிறகு யாஸ்னா நீட்டிய கம்பளியை முகர்ந்தது. தலையை நிமிர்த்திக் காற்றை மோப்பம் பிடித்தது.

"தேடு" என்றாள் யாஸ்னா. இந்தத் தடவை குரல் அடங்கியிருந்தது.

லூக்குமா முன்வாசல் வழியாகப் போயிற்று. படிக்கட்டெல்லாம் நேற்றைய வண்ணக் காகிதத் துணுக்குகளும் காலிப் பாட்டில்களும். அதையெல்லாம் சட்டை செய்யாமல் சுவரோரமாகவே இறங்கியது. யாஸ்னாவின் காலில் பழைய வலி சுருக்கென்றது. விடவில்லை, கயிற்றைத் தளர்த்தியே பிடித்திருந்தாள். இழுத்தால் நாய் நம் மனசுக்குப் பிடித்த பக்கம் போய்விடும் என்று அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

படிக்கட்டு இரண்டாகப் பிரியும் இடத்தில் லூக்குமா நின்றது. திரும்பிப் பார்த்தது.

யாஸ்னா சிரித்த முகத்தோடு தலையசைக்கப் போனாள். லூக்குமா அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

பின்னால் நினோஸ்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த பழைய சர்க்கஸ் விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தாள். அவ்வளவு அக்கறையாக யாரும் சர்க்கஸ் விளம்பரம் படித்திருக்க மாட்டார்கள். நாய் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பதில் வராது என்று தெரிந்ததும் தானாகவே இடது பக்கம் திரும்பியது.

ஆளில்லாத ஒரு தகர வீட்டின் மரப்படிக்கு முன்னால் போய்ப் படுத்தது. அசையவில்லை.

"கோலா! கோலாக் குட்டி!" மிரெல்லாம்மா கூப்பிட்டாள். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"இங்க இருக்காதும்மா. இருந்தா கத்தாதா?" என்றார் தொப்பியோடு கூடவே வந்துவிட்ட லவுத்தாரோ.

"மிரண்ட பூனை பெத்தவ கூப்பிட்டாலும் கத்தாது" என்றாள் யாஸ்னா. "ஒஸ்வால்தோ, தகரத்த எடு."

படிக்கடியில் இடுக்கு விட்டு அடைத்திருந்த தகரத்தின் ஆணியைப் பிடுங்கி நெம்பினான். அந்த ஊரில் புத்தாண்டு வருவதே கோடையில்தான்; வெயிலில் அடுப்புக்கல்லாகக் காய்ந்த தகரம். உள்ளே, உடைந்த நாற்காலிக் காலுக்கும் சுவருக்கும் நடுவில், கழுத்துப்பட்டி கம்பியில் மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்து இரைத்தபடி கிடந்தது கோலா. இன்னும் கொஞ்சம் வெயில் ஏறியிருந்தால் அவ்வளவுதான்.

மிரெல்லாம்மா போட்ட கூச்சலில் தெருவே விழித்துக்கொண்டது. அழுதாள், சிரித்தாள், பூனையை முத்தமிட்டாள், யாஸ்னாவை முத்தமிட்டாள். லவுத்தாரோ தொப்பியைக் கழற்றி லூக்குமாவின் தலையில் வைத்தார். யாஸ்னா இடுப்புப் பையிலிருந்து சீஸ் துண்டுகளை அள்ளிக் கொடுக்க, லூக்குமா அவள் கையிலிருந்து தின்றது. எல்லாவற்றையும் தின்றது.

அவள் ஜெயித்துவிட்டாள்.

"அந்தச் சின்னப் பொண்ணு இன்னைக்குக் கவுத்துடப் பாத்துச்சு, தெரியுமா?" என்று மிரெல்லாம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "நல்லவேளை, பெரியவ இருந்தா!" யாஸ்னா கேட்டுக்கொண்டு நின்றாள். மறுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் தேநீரும் ரொட்டியும் மசித்த அவகாடோவும் வைத்து உட்கார்ந்தபோது ஒஸ்வால்தோ தீர்ப்பை முடித்தான்.

"லூக்குமா அக்காவோடது. நினோஸ்கா, நீ இனிமே அந்தக் கயிறத் தொடக் கூடாது. அக்கா ரெண்டு வருஷம் பாடுபட்டத ஒரு காலையில கெடுக்கப் பாத்தே. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

நினோஸ்கா ஒரே ஒரு தடவை யாஸ்னாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட யாஸ்னாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சும்மாதான் பார்த்தாள். யாஸ்னா ரொட்டியைப் பிய்த்து அவகாடோ தடவினாள். நினோஸ்கா தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள், ஒஸ்வால்தோ கடைக்குக் கிளம்பினான்.

போன் அடித்தது.

"அலோ? நினோஸ்கா இருக்காங்களா?" ஒரு பெண்ணின் குரல் பதறியது. "எங்க வீட்டு நாய் நேத்துக் கயித்தோட ஓடிடுச்சு, அம்மா. கயிறு எங்கயாவது மாட்டிக்கிட்டா செத்துப்போயிடும். அவங்களக் கொஞ்சம் அனுப்புங்க. அவங்கதான் கெட்டிக்காரங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் சொல்கிறார்களாம். ஜெயித்த பிறகும் அந்தப் பெயர்தானா!

"அவ இப்ப வர்றதில்ல" என்றாள் யாஸ்னா.

"ஏன்? உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவளுக்கு இந்த வேலை சரியா வரல. இன்னைக்குக் காலையில கூடப் பெரிய தப்புப் பண்ணிட்டா. ஒரு பூனை செத்திருக்கும். நான் இருந்ததால பொழைச்சுது."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். மாடிப்படியில் நினோஸ்கா நின்றிருந்தாள். கையில் லூக்குமாவின் மெத்தை. யாரும் கேட்காமலே, யாஸ்னாவின் அறையில் போட அவளே எடுத்து வந்திருக்கிறாள். லூக்குமா அவள் காலோரம் ஒட்டி நின்றது.

யாஸ்னா போனை உள்ளங்கையால் பொத்தினாள். "நினோஸ்கா, நான் வந்து…"

"காலையில லூக்குமா நடுங்கிச்சு, அக்கா. உங்களுக்கும் எனக்கும் நடுவுல நின்னுக்கிட்டு, கால் வெடவெடன்னு ஆடிச்சு. நீங்க பாக்கல." நினோஸ்கா மெத்தையை யாஸ்னாவின் அறை வாசலில் வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "லிமாச்சேக்கு அனுப்பிட்டா அது ஏங்கியே செத்துப்போகும். அதுக்காகத்தான் பொய் சொன்னேன். உங்களுக்காக இல்ல."

யாஸ்னா வாசலில் கிடந்த மெத்தையைப் பார்த்தாள்.

"என் பொய் லூக்குமாவுக்காக. இப்ப நீங்க அந்தம்மாகிட்ட சொன்னீங்களே, அது யாருக்காக?"

பதிலுக்கு நிற்காமல் படியேறிப் போனாள். மாடிக் கதவு சாத்திக்கொண்டது. சத்தமே வரவில்லை.

உள்ளங்கைக்குள் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. யாஸ்னா அதை மெல்லக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"அலோ? கேக்குதா? வெளிச்சம் போறதுக்குள்ள வரணும், அம்மா. யார் வர்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க."